பாம்புக்குக் கண் மங்கிய கிழமை

பாம்புக்குக் கண் மங்கிய அன்று அந்த வீட்டில் நாங்கள் நான்கு பெண்கள் இருந்தோம். ஒருத்தி ஆறு வயதுப் பிள்ளை, அவளைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. ஒருத்தி கல்யாணம் பேசி வைத்திருந்த குமர். ஒருவர் கல்யாணம் கட்டிப் பதினெட்டு வருடமாகியும் பிள்ளை இல்லாதவர். மற்றது நான், விதவை. பிள்ளைத்தாச்சியைக் கண்டால் பாம்புக்குக் கண் மங்கும் என்று எங்கள் ஊர்களில் சொல்வார்கள். மன்னாரிலும் சொல்வார்கள், மட்டக்களப்பிலும் சொல்வார்கள். வேதக்காரர், சைவர் என்ற பேதம் இந்த விஷயத்தில் கிடையாது. வயிற்றில் பிள்ளையோடு இருந்தது நான்தான்.

முதலில் பாம்பு வந்த கதை. மொன்றியலில் வில்லரேப் பகுதியில் நாங்கள் இருந்தது கீழ்வீடு. மேல்வீட்டில் வீட்டுக்காரர் ஜில் தனியாக இருந்தார். பஸ் ஓட்டுகிறவர், பெரிய உடம்பு. மனைவி விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று கேள்வி. பாம்பைக் கண்டுதான் போனாளோ தெரியாது. அகதிக் கூட்டம் என்று தெருவில் ஒருவரும் வீடு தராத நேரத்தில் வீட்டுத் திறப்பைக் கையில் தந்த மனிதர். அந்த மாசி மாதம் அவருக்கு முதுகில் ஒப்பரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்வரை தன் பாம்பைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். மச்சாள் பிலோமினம்மா, என் புருஷனின் அக்கா, மறுக்க வாய் வராமல் "ஓம்" என்றார். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் ஒருவருக்கும் ஆகாத வேலை என்றால் அது என் தலையில்தான் விழும். வீட்டிலேயே குளிர் அதிகமான பின்பக்கத்து அறையில் படுப்பதும் நானும் என் மகளும்தான். பாம்புப் பெட்டியும் அங்கேயே வந்து சேர்ந்தது.

கண்ணாடிப் பெட்டி. உள்ளே செம்மஞ்சள் நிறத்தில், முதுகில் சிவப்புத் திட்டுகளோடு, என் கையைவிடச் சற்று நீளமாக ஒரு பாம்பு. தூரத்தில் நின்று பார்த்தால் ஊர் விஷப் புடையன் மாதிரி. அதைக் கண்டதும் மச்சாளின் புருஷன் செபமாலை அண்ணை கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சோளப் பாம்பாம், விஷமே இல்லையாம், பெயர் ஜினெட்டாம். வயிற்றுப் பக்கம் கறுப்பும் வெள்ளையுமாகக் ஆம்பிளைகள் உடுக்கும் கட்டம் போட்ட சாரம் போல இருந்தது.

ஜில் பிரெஞ்சில் பாதி, ஆங்கிலத்தில் கால், மிச்சத்தைக் கையால் சொல்லித் தந்தார். மேலேயிருந்து கையைக் கொண்டுபோகாதே, பருந்து என்று நினைக்கும். பக்கத்தால் போ. தலையைப் பிடிக்காதே, நடு உடம்பை இரண்டு கையாலும் தாங்கு. இறுக்காதே, அது தன்பாட்டில் போகட்டும், நீ மரக்கொப்பு மாதிரி நில். கிழமைக்கு, ஏழு நாளுக்கு ஒரு தரம், ஒரு சுண்டெலி. ஐஸ் பெட்டியில் இருக்கிறது, சுடுதண்ணீரில் வைத்து இளக்கிக் கொடு. தின்ற பிறகு இரண்டு நாள் தொடாதே, தொட்டால் கக்கிவிடும். மூடியின் கொளுக்கியைப் பூட்ட மறக்காதே. "துஸ்மோ, மதாம், துஸ்மோ" என்று நூறு தரம் சொன்னார். மெதுவாக என்று அர்த்தம். கடைசியில் இன்னும் ஏதோ நீளமாகச் சொன்னார். தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார், சட்டைக் கையை உருட்டிக் கழற்றுவதுபோலக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதுபோலத் தலையை ஆட்டினேன். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் பழகின வித்தை அது.

முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டுதான் பெட்டியைத் திறந்தேன். நான் கண்ணை மூடினால் பாம்புக்கு என்னைத் தெரியாது என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. பிறகு மெல்லத் திறந்து பார்த்தேன். அதுவும் பார்த்தது. சின்னக் கறுப்பு மணி போலக் கண். நாக்கை நீட்டி என்னை மணந்து பார்த்தது. மறுநாளும் பார்த்தேன், அதற்கு அடுத்த நாளும் பார்த்தேன். கண் மங்கவில்லை. வெள்ளைக்காரப் பாம்புக்கு எங்கள் சாத்திரம் தெரியாது என்று மனம் ஆறினேன். கிழமை இரண்டு போவதற்குள் அதைக் கையில் எடுக்கப் பழகிவிட்டேன். ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு நீர் போல ஓடும். குளிர்ந்த உடம்பு, ஆனால் ஈரமில்லை. என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு சூடு காயும். என் மகள் மாக்கிரட் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்தில் குந்திக்கொண்டு "துஸ்மோ, அம்மா" என்று எனக்கே பாடம் எடுப்பாள். உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் என்னிடம் ஒன்றும் எதிர்பார்க்காமல் என்னைத் தொட்ட உயிர் அதுதான். எனக்கு அதில் ஆசை வந்துவிட்டது.

எனக்கு அப்போது நாலாம் மாதம். பிள்ளை வலன்ரைனுடையது. மன்னார்ப் பக்கம் பேசாலைப் பொடியன், ரெஸ்ரோரன்ற் ஒன்றில் கோப்பை கழுவுகிறவன். மாதா கோவிலில் தமிழ்ப் பூசைக்குப் போகும் இடத்தில் பழக்கம். கெட்டவன் இல்லை. "வா, நாளைக்கே சுவாமியிட்டைப் போய்க் கதைப்பம்" என்று பாதிரியாரிடம் போகத் தயாராக நின்றவன். நான்தான் பொறு, பொறு என்று சாட்டுச் சொன்னேன். பயம் மாக்கிரட்டைப் பற்றி.

என் புருஷன் மரியதாசனைக் கடலில் சுட்டார்கள். அதன் பிறகு மச்சாளும் செபமாலை அண்ணையும் முதலில் கனடாவுக்கு வெளிக்கிட்டார்கள். எனக்கு அப்போது வழி இல்லை. மாக்கிரட்டைத் தங்கள் பிள்ளை என்று எழுதிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பிள்ளை உயிரோடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று நானே தூக்கிக் கொடுத்தேன். பிறகு நான் தனியே வந்து இறங்கியபோது, பிள்ளைகள் உண்டா என்று அதிகாரிகள் கேட்டார்கள். இல்லை என்றேன். ஆகவே கனடா அரசாங்கத்துக்கு மாக்கிரட் மச்சாளின் மகள். வீட்டுக்குள் என்னை அம்மா என்பாள், அவரை மாமி என்பாள். வாசல்படி தாண்டினால் அவர் அம்மா, நான் சித்தி. ஆறு வயதில் பிள்ளை அதைப் பிழையில்லாமல் செய்தாள். 

போன வருடம் யாரோ ஒரு விதவை மறுமணம் செய்த கதை வந்தபோது மச்சாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "போறவள் போகட்டும். என்ர தம்பியின்ர பிள்ளையை மட்டும் ஒருத்தரும் இந்த வீட்டிலயிருந்து கொண்டு போகேலாது." என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அன்று தொடக்கம் நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் ஆனேன். கனடாக் குளிருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும். மூன்று சுவெட்டருக்குள் பூசணிக்காய் என்ன, பொங்கல் பானையே மறையும்.

கண் மங்குவதற்கு முதல் நாள், அந்தத் திங்கட்கிழமைதான், பாம்பு வந்த பிறகு மச்சாள் முதன்முதலாகப் பின் அறைக்குள் கால் வைத்தார். கையில் மடு மண். மடு மாதா கோவில் மண் இருக்கும் இடத்தில் பாம்பு தீண்டாது என்பது எங்கள் நம்பிக்கை. ஊரிலிருந்து சிறு பொட்டலமாகக் கொண்டுவந்திருந்தார். பெட்டியைச் சுற்றி ஒரு கோடு போட்டார், குனிந்து பாம்பை நேருக்கு நேர் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டு போனார். அதே பின்னேரம் கிளியும் தோய்த்த உடுப்பைக் கொண்டுவந்து வைத்தாள். கிளி மட்டக்களப்புப் பெட்டை. அவளுடைய மாமா ஞானசுந்தரம் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஆம்பிளைகள் நிறைந்த வீட்டில் இருந்ததால் அவளை எங்களோடு விட்டிருந்தார். மச்சாளோடு தையல் பக்டரிக்குப் போவாள். ரொறன்ரோவில் ஒரு பையனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பார்க்கிறேன், பாம்பின் இரண்டு கண்ணும் ஆடை கட்டின பால் மாதிரி நீலம் பாரித்துக் கிடக்கின்றன. உடம்பின் நிறமும் செத்துப் போயிருந்தது.  சாத்திரம் பொய்யில்லை, பாம்பு இத்தனை நாள் தவணை தந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். மூடியை மூடித் துணியைப் போடுவதற்குள் மச்சாள் பின்னால் வந்து நின்றார்.

நீண்ட நேரம் பார்த்தார். அவருடைய கை தானாக வயிற்றுப் பக்கம் போனது. சீலையைச் சரி செய்கிறார் என்று நினைத்தேன்.

"நேற்று என்னைத் தவிர ஆர் இஞ்ச வந்தது?" என்று கேட்டார்.

"கிளி. உடுப்புக் கொண்டுவந்து வைச்சவள்."

"அதுக்கு முதல்?"

"நான்தான் மச்சாள். ஒவ்வொரு நாளும்."

"நீ கணக்கில்லை" என்றார். "உன்னைப் பாத்து மங்கிறதெண்டால் எப்பவோ மங்கியிருக்கும்."

தப்பினேன் என்று மூச்சு வந்தது. கூடவே, கணக்கில்லை என்ற சொல் சுருக்கென்று குத்தியது. இரண்டும் ஒரே நேரத்தில் வரலாம் என்று அன்றுதான் கண்டேன்.

அன்றும் மறுநாளும் மச்சாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பேசும் மச்சாளைவிடப் பேசாத மச்சாளுக்குத்தான் எனக்குப் பயம். நடை மெதுவாகிவிட்டது. சோற்றுப் பானையைத் தூக்காமல் செபமாலை அண்ணையைக் கூப்பிட்டார். பக்டரியில் கனமான துணிக் கட்டுகளை மற்றவர்களிடம் தள்ளிவிட்டார் என்று கிளி வந்து சொன்னாள். என்னைக் கண்டால் "இரு, இருந்து சாப்பிடு" என்றார். எட்டு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், அப்படி ஒரு சொல் கேட்டதில்லை. எலியைப் பிடித்த பூனை உடனே தின்னாது, கொஞ்சம் விளையாடும். எனக்கு அந்த நினைப்புத்தான் வந்தது.

புதன்கிழமை பின்னேரம் பாம்பை எடுத்துக் கண்ணைக் கிட்டத்தில் பார்ப்போம் என்று அவசரத்தில் மேலேயிருந்து கையை விட்டேன். ஜில் படித்துப் படித்துச் சொன்ன பிழை. கண் தெரியாத பிராணி, பாய்ந்து பெருவிரலில் கடித்துவிட்டது. கோழி கொத்தினதுபோலத்தான் நொந்தது, நான்கைந்து இடத்தில் பொட்டுப் பொட்டாக இரத்தம். என் சத்தம் கேட்டு மச்சாள் ஓடி வந்தார். திட்டு விழும் என்று நின்றேன். அவர் சோப்புப் போட்டுக் கழுவி, மடு மண்ணைக் குழைத்துப் பூசி, என் விரலை ஊதினார். "கண் தெரியாததுக்கு ஏன் கிட்டப் போறாய்? அதுக்கும் பயம்தானே" என்றார். அந்த அன்பு எனக்குக் கடியைவிட நடுக்கத்தைத் தந்தது.

வியாழக்கிழமை காலை மச்சாள் குளியலறைக்குள் போனவர் வெகு நேரம் வரவில்லை. வந்தபோது முகம் வீங்கி, கண் சிவந்திருந்தது. சோற்றுப் பானையை ஒற்றைக் கையால் தூக்கி அடுப்பில் டங்கென்று வைத்தார். பழைய மச்சாள் திரும்பி வந்துவிட்டார் என்று தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை.

அன்று பின்னேரம் பாம்புக்குச் சாப்பாடு கொடுக்கும் முறை. சுண்டெலியைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தேன். கண் மங்கினதோடு பட்டினியும் கிடந்தால் செத்துவிடுமோ என்று பயம். வேலையால் வந்த கிளி அந்த மணத்துக்குத் தண்ணீர்த் தொட்டியில் ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். அதற்கு முன்பும் ஒரு தரம் அப்படி எடுத்தவள்தான், நாங்கள் சிரித்தோம். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

மச்சாள் அவளுக்குப் பின்னால் போய் நின்றார். "எத்தினை மாதம்?" என்றார்.

கிளிக்கு விளங்கவில்லை. "என்ன மாதம் அக்கா?"

"பாம்புக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? அந்த ரொறன்ரோப் பொடியனை ஏமாத்தவோ பாக்கிறாய்?"

 கிளி வாயைத் துடைத்த துவாயைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். மச்சாள் டெலிபோனுக்குப் போய் ஞானசுந்தரத்தை அழைத்தார். வெள்ளி பின்னேரம் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். காரணத்தையும் சொன்னார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. பாம்பு எலியைத் தொடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

வெள்ளி மத்தியானம், வீட்டில் ஒருவர் காதிலும் விழாதபடி, மூலையில் இருந்த டெப்பனர் கடைக்குப் போய், அங்கிருந்த டெலிபோனில் ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். ஜில்லின் அறைக்குப் போட்டுத் தந்தார்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் கூட்டிப் பிசைந்து, கண் நீலம், சாப்பிடவில்லை, கடித்தது என்றேன். மனிதர் சிரிக்க வெளிக்கிட்டு முதுகு நொந்து நிறுத்தினார். பயப்படாதே, தோல் கழற்றப் போகிறது என்றார். கண்ணுக்கு மேலேயும் தோல் இருக்கிறதாம். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவில் நீர் ஊறுவதால் கண் மங்குமாம். சில நாளில் தெளியும், அதற்குப் பிறகு தோல் கழலும். ஈரத் துணி ஒன்றை உள்ளே வை, தொடாதே, சாப்பாடு கொடுக்காதே. நான் உனக்குச் சொன்னேனே மதாம் என்றார். அப்போதுதான் அவர் சட்டைக் கையை உருட்டிக் காட்டியது எனக்கு ஞாபகம் வந்தது.

பாம்பு சட்டை உரிக்கும் என்று எங்களில் தெரியாதவர் யார்? வேலியில் கிடந்த சட்டையைச் சின்ன வயதிலேயே கண்டிருக்கிறோம். அதற்கு முன் கண் மங்குமா என்று பார்க்க எவர் பாம்புக்குப் பக்கத்தில் நின்றார்கள்? நான் பனியில் சறுக்கிச் சறுக்கி வீட்டுக்கு ஓடினேன். கிளியும் தப்புவாள், நானும் தப்புவேன், ஒருவரும் ஒன்றும் அறியத் தேவையில்லை என்று இருந்தது.

வேலையால் வந்த மச்சாள் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்? அவங்கட பொம்பிளையள் வயித்தில பிள்ளையோட பாம்பைப் பாத்தவையே?"

அந்தப் பின்னேரம் ஞானசுந்தரம் வந்து கிளியைக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் ஈரத் துணியை வைத்துவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தேன். கண் தெளிந்தால் மச்சாளுக்குக் காட்டலாம். தெளி, தெளி என்று அந்தோனியாரையும் மன்றாடினேன், பாம்பையும் மன்றாடினேன். சனி மத்தியானம் துணிக்கடியிலிருந்து தலையை நீட்டியது. இரண்டு கண்ணும் கழுவிவிட்ட கறுப்பு மணிகள். எனக்கு அழுகை வந்தது. மச்சாளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன்.

குனிந்து பார்த்தார். "நான் சொன்னன்தானே" என்றார். "அவள் வெளியால போனாள், கண் வந்துது."

 வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். கிளியை விடுவிக்கும் என்று காத்திருந்த அந்தக் கண்ணே அவளைக் கட்டிப் போட்டுவிட்டது. அந்த நம்பிக்கையைப் பொய்யாக்க ஒரே ஒரு வழிதான் மிஞ்சியிருந்தது. அந்த வழி என் வயிற்றுக்குள் இருந்தது. சனி முழுவதும் நான் மாக்கிரட்டின் தலையை வாரி, பின்னி, அவிழ்த்து, திரும்பவும் பின்னினேன். பிள்ளைக்கே அலுத்துவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து கொஞ்ச நேரத்தில் ஞானசுந்தரம் கிளியோடு வந்தார், அவளுடைய சாமான்களை எடுக்க. கிளியின் இடது கன்னத்தில் விரல் பதிந்த தடம் கன்றிப் போயிருந்தது. அவள் நேராக என் அறைக்கு வந்து, தோய்த்து வைத்திருந்த உடுப்புக்குள் தன்னுடையதைப் பிரித்துப் பையில் அடுக்கினாள். பெட்டி இருந்த பக்கம் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு அடுக்கினாள்.

"அக்கா, அந்தப் பாம்ப நான் பாக்கவே இல்ல" என்றாள். "எனக்குப் பயம். அண்டைக்கும் கதவடியில உடுப்ப வெச்சிட்டு ஓடிட்டன். அதச் சொன்னா ஒருத்தரும் நம்புறாங்க இல்ல."

கூடத்தில் ஞானசுந்தரத்தின் குரல் கேட்டது. "நாளைக்கு டொக்டரிட்ட காட்டுறன். பிறகு ரொறன்ரோவுக்குச் சொல்லிப் போடுவம். இனி மறைச்சு என்ன?" டொக்டர் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். ஆனால் டொக்டரிடம் கொண்டுபோய்ப் பார்த்த பெட்டை என்ற பேச்சு மொன்றியலிலிருந்து ரொறன்ரோ போய்ச் சேர ஒரு டெலிபோன் போதும். அதைக் கழுவ எந்தச் சவர்க்காரமும் இல்லை.

நான் பெட்டியின் கொளுக்கியைக் கழற்றினேன். தோல் கழலும்வரை தொடாதே என்றுதான் ஜில் சொன்னார். அவரிடம் மனதால் மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தால் கையைக் கொண்டுபோய், நடு உடம்பை இரண்டு கையாலும் தாங்கி எடுத்தேன்.  பாம்பு முதலில் இறுகியது, பிறகு மணிக்கட்டில் சுற்றியது. அதைக் கொண்டு கூடத்துக்கு நடந்தேன், கிளி பையோடு பின்னால் வந்தாள். ஞானசுந்தரம் கதிரையோடு பின்னுக்குப் போனார். செபமாலை அண்ணை சோபாவில் காலைத் தூக்கி வைத்தார். சுவரில் மரியதாசனின் படம், அதற்கு முன்னால் சின்ன மின்விளக்கு. அதற்குக் கீழே மச்சாள். மாக்கிரட் சமையல் குசினி வாசலில் நின்றாள்.

"கொண்டுபோய் வை அதை" என்றார் மச்சாள்.

"கண்ணைப் பாருங்கோ மச்சாள்."

"தெளிஞ்சிட்டுது, நேற்றே பாத்தன்."

பாம்பின் தலை என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. நாக்கை நீட்டி என் மோவாயைத் தொட்டது. நான் அதன் கண்ணைப் பார்த்தபடியே சொன்னேன்: "பிள்ளைத்தாச்சி நான். நாலு மாதம். இது இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் தொடக்கம் என்னைப் பாத்துக்கொண்டிருக்குது. இப்பவும் பாக்குது. எங்க மங்கினது எண்டு காட்டுங்கோ."



முதலில் அசைந்தது ஞானசுந்தரம். எழுந்தார், கிளியின் கன்னத்தைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். "பையை உள்ளுக்க கொண்டுபோய் வை பிள்ளை" என்றார். சப்பாத்தைச் சரியாகப் போடாமலே கதவைத் திறந்துகொண்டு போனார்.

"ஆர்?" என்று கேட்டார் மச்சாள்.

"பேசாலை வலன்ரைன். கட்டுறன் எண்டு நிக்கிறார்."

மச்சாள் தம்பியின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார், என் பக்கம் இல்லை. "மாக்கிரட், இஞ்ச வா." பிள்ளை போனாள். மச்சாள் அவளை இழுத்து மடியோடு சேர்த்து இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிப் பிடித்தார். "போறதெண்டால் நீ போ" என்றார். "இவள் போகமாட்டாள். கடதாசியில இவள் என்ர பிள்ளை."

இந்தச் சொல்லைத்தான் இத்தனை மாதமாகக் கனவில் கேட்டுப் பயந்தேன். நேரில் கேட்டபோது என் கையில் பாம்பு இருந்தது. பாய்ந்து பிள்ளையைப் பறிக்க முடியாது. கத்த முடியாது. மரக்கொப்பு மாதிரி நிற்கத்தான் முடிந்தது. கண்ணீர் மட்டும் தன்பாட்டில் ஓடியது.

மச்சாளும் பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் குரல் இறங்கியது.

"அப்ப அது ஆரையும் பாத்து மங்கேல்லை."

"இல்லை மச்சாள். தோல் கழட்டப் போகுது. அவ்வளவுதான்."

"திங்கக்கிழமை நான்தான் முதல் வந்து பாத்தனான். கிளிக்கும் முதல். அடுத்த நாள் விடிய மங்கிக் கிடக்குது." செபமாலை அண்ணை தலையை நிமிர்த்தினார். மச்சாள் அவரைப் பார்க்கவில்லை. "எனக்கு நாள் தள்ளியிருந்தது. பதினெட்டு வருசத்தில தள்ளாத நாள். வியாழன் காலமை வந்திட்டுது. நான் இல்லையெண்டால் கிளிதான் எண்டு நினைச்சிட்டன்."

தூக்காத சோற்றுப் பானையும், மெதுவான நடையும், என் விரலை ஊதின வாயும் எனக்கு ஒன்றாக விளங்கின. அந்த இரண்டு நாளும் மச்சாள் என்னை உளவு பார்க்கவில்லை. தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை, எலி என்று நான் என்னவெல்லாம் நினைத்தேன். கோபப்படுவதற்கு என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவருடைய கை இன்னும் இறுகியது. மாக்கிரட் முகத்தைச் சுளித்தாள். பிறகு, பின் அறையில் எனக்குச் சொல்கிற அதே குரலில், பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள்:

"துஸ்மோ மாமி. இறுக்கக்கூடாது. இறுக்கினால் பயப்பிடும். கையைச் சும்மா வைச்சிருங்கோ, அது திரும்பி வரும்."

மச்சாள் அவளுடைய உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு விரலாகக் கையை விட்டார்.

பிள்ளை என்னிடம் ஓடி வரவில்லை. மச்சாளிடமும் நிற்கவில்லை. "பெட்டியைத் திறக்கிறன், வாங்கோ அம்மா, அது களைச்சுப் போச்சு" என்று பின் அறைக்குப் போனாள். நான் பாம்போடு அவளுக்குப் பின்னால் போனேன். மாக்கிரட் மூடியைப் பிடித்திருக்க, பாம்பு என் கையிலிருந்து தன்பாட்டில் இறங்கி ஈரத் துணிக்குள் நுழைந்தது. கொளுக்கியைப் பூட்டிவிட்டுத் திரும்பியபோது மச்சாள் அறை வாசலில், தான் போட்ட மடு மண் கோட்டுக்கு வெளியே நின்றார்.

"வலன்ரைனை வரச்சொல்லு" என்றார். "சுவாமியோட நான் கதைக்கிறன். கிளியிட்டையும் நான்தான் மன்னிப்புக் கேக்க வேணும்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை உன்ர. கடதாசியில என்ன கிடந்தாலும் உன்ர. ஆனால் தூரக் கொண்டுபோயிடாதை."

"இல்லை மச்சாள்" என்றேன்.

உள்ளே வந்து பெட்டிக்கு முன்னால் குனிந்தார். துணிக்கடியிலிருந்து தலை மட்டும் தெரிந்தது. இரண்டு கறுப்புக் கண்ணும் அவரை நேராகப் பார்த்தன.

"இதுக்கு எங்களைப் பற்றி ஒண்டுமே தெரியாதோ?" என்று கேட்டார்.

"ஓம் மச்சாள்" என்றேன். "ஒண்டும் தெரியாது."